கம்பத்துக்குக் கம்பம்

"ஹலோ எக்ஸ்சேஞ்ச்... ஆறாவது கம்பத்துலேருந்து லைன்மேன் அழகையா பேசுறேன். கேக்குதுங்களா மிஸ்?"

"கேக்குது." டொக்கென்று வைத்துவிட்டாள்.

கம்பத்து உச்சியில் அழகையாவின் முகம் சுண்டிப்போயிற்று. கீழே ஏணியைப் பிடித்திருந்த ஜுனைதீனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. எக்ஸ்சேஞ்சில் இன்றைக்கு டியூட்டி பாக்கியலெட்சுமி. அழகையாவின் சொந்தப் பெண்டாட்டி!

"இன்னுமா அண்ணே கோவம் தீரல?"

"நாலு நாளாச்சுப்பா. அவ அண்ணன் வெலிமடையிலேருந்து ஒரு மூட்டை உருளைக்கெழங்கு கொண்டாந்தாரு. 'பாதி அழுகலா இருக்கே மச்சான்'னு மூஞ்சிக்கு நேரே சொல்லிப்புட்டேன். அன்னைக்கு மூடுன வாய்தான். சோத்துத் தட்ட டங்குனு வைக்கிறா, போயிடுறா."

"நீங்களே மொதல்ல பேசிட வேண்டியதுதானே?"

"நான் எதுக்குப் பேசணும்? அழுகல்னா அழுகல்தானே!"

வீம்புக்கு ஒன்றும் குறைச்சலில்லை. ஆனால் அவள் பேச்சுச் சத்தம் இல்லாத வீட்டில் அவனுக்கு நாலு நாளாகத் தூக்கமே பிடிக்கவில்லை.

காலையில் சூப்பர்வைசர், "நமுனுகுலத் தோட்ட ஆபீஸ் லைன் வேலை செய்யலையாம்" என்று படித்துச் சொல்லி, எக்ஸ்சேஞ்சிலிருந்து வந்த கம்ப்ளெயின்ட் துண்டுச் சீட்டை மடித்து அவன் சட்டைப்பையில் செருகியிருந்தார். அந்தத் தேயிலைத் தோட்டத்துக்குப் பிரிகிற லைனில் மொத்தம் முப்பது கம்பம். கம்பத்தில் ஏறி, கம்பியில் டெஸ்ட் போனை மாட்டி, எக்ஸ்சேஞ்சைக் கூப்பிட வேண்டும். பதில் வந்தால் அதுவரை லைன் சரி, கோளாறு அதற்கு அப்பால். விவரம் தெரிந்தவன் முதலில் நடுக் கம்பத்தில் ஏறிப் பாதி வேலையை மிச்சம் பிடிப்பான். அழகையாவோ ஒன்று விடாமல் ஏறினான்.

"ஒன்பதாவது கம்பம் மிஸ். கேக்குதா?"

"கேக்குது... மழை ஈரம், பாத்து ஏறுங்க."

பதினாலாவதில் அவளே கேட்டாள். "சாப்பிட்டீங்களா?"

"ரொட்டி இருக்கு. எறங்க மாட்டேங்குது."

ஜுனைதீன் கீழேயிருந்து கத்தினான். "அண்ணே, ஏணியத் தூக்கித் தூக்கி என் தோள் கழண்டு விழுந்துரும்! கோளாறு லைன்லயா, உங்ககிட்டயா?"

அழகையா காதிலேயே வாங்கவில்லை. இருபத்திரண்டாவது கம்பத்தில் குரலைத் தாழ்த்தினான். "பாக்கியம்... கெழங்கு அழுகல்னு சொன்னது என் தப்புதான் புள்ள. நீ பேசாம இருந்தா என்னால தாங்க முடியல."

மறுமுனையில் ஒரு விசும்பல். அப்புறம், "வேளையோட வீட்டுக்கு வாங்க. நல்ல கெழங்காப் பொறுக்கி எடுத்துப் பெரட்டி வைக்கிறேன்."

மிச்சக் கம்பங்களில் அவன் ஏறிய வேகத்தைப் பார்க்க வேண்டுமே! ஆனால் அறுந்த கம்பி மட்டும் எங்கேயும் அகப்படவில்லை.

முப்பதாவது கம்பம் தோட்ட ஆபீஸ் வாசலில். பெரிய கிளாக்கர் வெளியே வந்தார்.

"லைன் வேலை செய்யலையா? யாரு சொன்னா? நீங்க எக்ஸ்சேஞ்சக் கூப்பிட்டப்பல்லாம் இங்கயும் மணி அடிச்சிச்சு. எடுத்தா, அழுகல் கெழங்குலேருந்து பெரட்டல் வரைக்கும் எல்லாம் தெளிவாக் கேட்டுச்சு. நாங்க கம்ப்ளெயின்டே குடுக்கலியேப்பா!"

அழகையா அவசரமாகச் சட்டைப்பையிலிருந்த துண்டுச் சீட்டை எடுத்து விரித்தான். மாசாமாசம் அவன் கூட்டுறவுக் கடைக்குப் போகும்போது பாக்கியம் சாமான் எழுதித் தருவாளே, அதே குண்டு குண்டு எழுத்து!