அப்பா பார்த்துக் கொடுத்த கார்டு

மகன் வெளிநாடு கிளம்புமுன், கணக்கர் நாலு வங்கி ஏறி இறங்கி எந்த ஊரிலும் செல்லும் ஒரு கார்டைப் பிடித்து, பணமும் போட்டுக் கொடுத்தார். கட்டணம் கூடுதல்தான். ஆனால் பையன் ஒரு காபி குடித்தாலும் இவர் போனுக்கு மெசேஜ் வந்துவிடும்.

ஒரு மாதமாக மெசேஜே இல்லை.

"சல்லிக்காசைத் தொடலையே! அப்படியே என் ரத்தம்!" என்று ஆபீஸ் முழுக்கப் பீற்றிக்கொண்டார்.

அன்று சாயங்காலம் முதல் மெசேஜ் வந்தது. பக்கத்துத் தெரு நகைக்கடையில், மொத்தப் பணமும் காலி! பதறிப்போய் மகனுக்குப் போன் போட்டார்.

"டேய், உன் கார்டை எவனோ திருடிட்டான்டா!"

"திருடு போகலைப்பா. நான் வேற கார்டு வாங்கிக்கிட்டேன். நீங்க குடுத்ததைக் கிளம்புறப்பவே அம்மாகிட்ட குடுத்துட்டேன்."

வாசலில் புது வளையல்கள் குலுங்கின.

"என்னங்க, மெசேஜ் வந்துதா?" என்றபடி மனைவி உள்ளே வந்தாள்.