பழைய போனின் சத்தம்

"டிங்."

அவள் பாய்ந்து போய்ப் போனை எடுத்தாள். புதுப் போனின் திரையில் மணி எட்டு என்று மட்டும் இருந்தது. மெசேஜ் எதுவும் இல்லை.

"ஏங்க, இப்ப ஒரு சத்தம் கேட்டுதே?"

"எனக்கு ஒண்ணும் கேக்கல. உனக்குப் பிரமை." பாத்ரூமுக்குள்ளிருந்து கணவரின் குரல் வந்தது. மனுஷன் உள்ளே போய் அரை மணி நேரம் ஆகிறது.

பிரமையோ என்னவோ, அது பழைய போனின் சத்தம். நாலு வருஷம் கேட்டுப் பழகிய காது ஏமாறாது. ஆனால் அந்தப் போன் அலமாரியில் துணிகளுக்கு அடியில் அல்லவா கிடக்கிறது?

அது மகள் வாங்கிக் கொடுத்த போன். போன மாதம் மகளோடு சண்டை வந்த அன்றே அதிலிருந்து சிம்மைப் பிடுங்கிவிட்டாள். மறுநாளே போட்டிக் கம்பெனிப் போன் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து நின்றாள். ரோஷம் என்றால் அப்படி ஒரு ரோஷம்.

அந்த ரோஷத்துக்குப் புதுப் போன் நன்றாகவே பழிவாங்கியது. பின்னால் போக பட்டன் கிடையாது, ஓரத்தில் தேய்க்க வேண்டுமாம். தேய்த்தால் எதிர்வீட்டுக்காரிக்குப் போன் போகிறது. பேரைத் தேடினால் டார்ச் எரிகிறது.

அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வாள். அவளுக்கு வேண்டியது மகளிடமிருந்து ஒரே ஒரு வரி. முதலில் அவள் அனுப்பட்டும் என்று இவள் உட்கார்ந்திருந்தாள். மகளும் இவள் வயிற்றில் பிறந்தவள்தானே, அங்கே அவளும் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் லேபில் ரத்தம் எடுக்கும்போது கண் போன் மேலேயே இருந்தது. ஒரே குத்தில் நரம்பைப் பிடிக்கிறவள் என்று பேர் வாங்கியவள், ஒரு பெரியவரை இரண்டு முறை குத்தினாள்.

"மேடம், போனைப் பாக்கறீங்களா, என் கையைப் பாக்கறீங்களா?" என்றார் அவர்.

"என்னக்கா ஆச்சு?" என்று பக்கத்து நாற்காலியில் இருந்த லேப்காரி கேட்டாள்.

"என் பொண்ணு டீச்சர் வேலையை விட்டுட்டு மருந்து கம்பெனிக்குப் போறா. திங்கள்லேர்ந்து சனி வரைக்கும் மதியம் ரெண்டு மணிக்கு உள்ளே போனா ராத்திரி பத்து மணிக்குத்தான் வெளியே விடறாங்க. போனைக்கூட வீட்டுல மாப்பிள்ளைகிட்ட விட்டுட்டுப் போகணுமாம். இதுக்கா உன்னைப் படிக்க வச்சேன்னு கேட்டேன். அதுக்கு, இனி உன் வாசப்படி மிதிக்க மாட்டேன்னு சொல்லிட்டுப் போயிட்டா."

வேலை முடிந்ததும் நேராகப் போன் கடைக்குப் போனாள். "இந்தப் போன் வர்ற மெசேஜை எல்லாம் முழுங்குது. சத்தம் மட்டும் வருது."

கடைக்காரர் எல்லாச் சத்தங்களையும் ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினார். "நீங்க சொல்ற டிங் இதுல கிடையவே கிடையாதுக்கா. அது உங்க பழைய கம்பெனிச் சத்தம்."

வீட்டுக்கு வந்தவளிடம் கணவர் சம்பந்தமே இல்லாமல் ஒரு கேள்வி கேட்டார். "நம்ம பொண்ணை நீ 'செல்லம்'னுதானே கூப்பிடுவே, 'கண்ணு'ன்னு இல்லையே?"

"செல்லம்னுதான். ஏன், அதுகூடவா மறந்து போச்சு?"

அவர் தலையாட்டிவிட்டுப் பாத்ரூமுக்குப் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்.

எட்டு மணி. "டிங்."

இந்த முறை அவள் புதுப் போனைத் தொடவில்லை. சத்தம் வந்த திசையில் நடந்துபோய்ப் பாத்ரூம் கதவைத் தட்டினாள். தட்டிய தட்டில் தாழ்ப்பாள் கழன்று கதவு திறந்துகொண்டது. கவிழ்த்த பக்கெட்டின் மேல் உட்கார்ந்திருந்தார் கணவர். கையில் அவளுடைய பழைய போன்.

"நீ சிம்மைத்தான் எடுத்தே," என்றார் அவர். "இந்தக் கம்பெனிப் போனுங்க ஒண்ணுக்கொண்ணு பேசிக்க சிம் வேண்டாம், வைஃபை போதும். பொண்ணுகிட்டயும் இதே கம்பெனிப் போன்தானே. நீ பேசற மாதிரி நான்தான் எழுதினேன். தெரிஞ்சா நீ போனை உடைச்சிருவியோன்னு பயம்."

அவள் வெடுக்கென்று பிடுங்கிப் படித்தாள். இருபது நாள் பேச்சு. அவள் பேரில், "சாப்பிட்டியாடி செல்லம்?" மகள் பேரில், "சாப்பிட்டேம்மா. நீ பிரஷர் மாத்திரை போட்டியா?" அப்புறம், "உன்மேல கோபம் இல்லம்மா, உன் நினைப்பாவே இருக்கு." கடைசியாக, சற்று முன் வந்தது: "ஞாயித்துக்கிழமை வரேம்மா."

திட்டத்தான் வாயைத் திறந்தாள். அழுகைதான் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து பதினாறு முறை ஜன்னலுக்குப் போய்வந்தாள். காலிங்பெல் அடித்ததும் ஓடினாள். மாப்பிள்ளையை முந்திக்கொண்டு மகள் உள்ளே வந்து அவள் கையைப் பிடித்தாள்.

"உனக்கு என்னம்மா உடம்புக்கு? எழுந்திருக்கவே முடியலைன்னு உன் மாப்பிள்ளை சொன்னாரே. பதறிப் போயிட்டேன்."

"எனக்கென்னடி, நல்லாத்தான் இருக்கேன். உன் மெசேஜ் எல்லாம் படிச்சேன். போதும்டி, எனக்கு அது போதும்."

"எந்த மெசேஜ்? ஒரு மாசமா நான் உனக்கு ஒரு எழுத்துகூட அனுப்பலையேம்மா. என் போன்ல உன் மெசேஜும் எதுவும் இல்லையே."

மகள் பிடித்த கையை விடவில்லை, இவளும் உதறவில்லை. வாசலில் மாப்பிள்ளை மட்டும் குனிந்து ஷூ கயிற்றை அவிழ்த்துக்கொண்டே இருந்தார். எவ்வளவு நேரமாகியும் நிமிரவில்லை.

கணவர் அவரையே பார்த்தார். முகம் மெல்லச் சிவந்தது.

"அப்ப இருபது நாளா நான் செல்லம், செல்லம்னு கொஞ்சினது உங்களையா, மாப்பிள்ளை?"