கடைசி எறிதல்

"அதை அணைங்கம்மா. இங்க இன்னைக்கு ஆட்டம் எதுவும் கிடையாது."

வெர்னா கரண்டியால் பானையைக் கிளறினாளே தவிர, டேப் ரெக்கார்டர் பக்கம் கையைக் கொண்டுபோகவில்லை. ஆட்டம் கிடையாதாமே. நேற்றுச் சேர்ந்த காவலாளி வந்து அவளிடம் சொல்கிறான்.

நவம்பர் மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை. பெல்க்ரீக் கல்லூரியின் கார் நிறுத்துமிடத்தில் கிழடு தட்டிய ஒரு கூட்டம் பச்சைச் சட்டை போட்டுக்கொண்டு, மடக்கு நாற்காலி விரித்து உட்கார்ந்திருந்தது. வண்டிகளின் பின்கதவுகள் திறந்து கிடந்தன. கரி அடுப்பில் சாஸேஜ் வெந்துகொண்டிருந்தது.

இந்தத் தாருக்கு அடியில்தான் மைதானம் இருக்கிறது. பந்தைக் கையில் ஏந்தி ஓடுகிற அமெரிக்க ஃபுட்பால்; அந்த அணியால் கல்லூரிக்கு நஷ்டம் என்று சொல்லி, அணியைக் கலைத்து, புல்லைப் பெயர்த்துத் தார் ஊற்றிவிட்டார்கள். அதெல்லாம் நடந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அவர்கள் கலைத்துக்கொள்ளட்டும். வெர்னா கலைக்கவில்லை.

ரெக்கார்டருக்குள் வானொலி அறிவிப்பாளர் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார். பக்கத்து ஊர் வேய்ன்ஃபோர்டு அணியோடு மோதிய ஆட்டம், பெல்க்ரீக் ஆடிய கடைசி ஆட்டம். அன்று மைதானத்துக்குக் கிளம்பும்போது வெர்னா வீட்டில் பதிவு போட்டுவிட்டுப் போன கேசட் இது.

சாபோ பந்தை வாங்கினான் என்று ரேடியோ சொன்னதும் ஒரு கிழவர் நாற்காலியை விட்டு எழுந்தார்.

"ஓடுடா சாபோ, ஓடு. ஷூ போனா போகுது."

பனிச்சேற்றில் ஒரு காலணி கழன்று போக, வெறுங்காலோடு நாற்பது கஜம் ஓடியவன் சாபோ. உடைந்த மூக்கில் ரத்தம் ஒழுக, பந்தை உதைத்து மூன்று புள்ளி வாங்கித் தந்தவன் பிராடி. இடுப்பைக் கட்டிக்கொண்டு தொங்கிய மூன்று பேரையும் இழுத்துக்கொண்டே எல்லைக்கோட்டைத் தாண்டிய தடியன் மொரெட்டி. இப்போது டிவியில் ஆடுகிற பிள்ளைகள் ஒரு இடி வாங்கினால் ஸ்ட்ரெச்சர் கேட்கிறார்கள். அவர்களுக்குக் கோடி கோடியாகக் கொட்டுகிறார்கள். மொரெட்டியை யாருக்குத் தெரியும்? வெர்னாவுக்கு அதை நினைத்தாலே பற்றிக்கொண்டு வரும்.

விளக்குக் கம்பத்தடியில் ராய்ஸ் மட்டும் நின்றுகொண்டிருந்தார். வருஷா வருஷம் அவர் அங்கேதான் நிற்பார், உட்காரவே மாட்டார். குளிர் கோட்டைக் கழுத்துவரை பூட்டியிருந்தார்.

"புதுசா சேரப்போற பிள்ளைங்களோட அப்பா அம்மா எல்லாம் வர்றாங்க. கார் விட இடம் வேணும்," என்றான் காவலாளி டெரெல். "எனக்கு மேலிடத்து உத்தரவு. நான் என்ன பண்ணட்டும், சொல்லுங்க."

"நீ ஒண்ணும் பண்ண வேண்டாம். எங்க அணைக்கணும்னு எனக்குத் தெரியும். நான்தான் அணைப்பேன்."

டெரெல் பொறுமை இழந்து ரெக்கார்டரைத் தூக்கிவிட்டான்.

அதுவரை எதற்கும் அசையாத வெர்னாவுக்கு முகம் வெளுத்தது. அவன் அணைப்பதற்காகப் பொத்தானைத் தேடினான். எழுத்தெல்லாம் என்றோ அழிந்துபோன பொத்தான்கள். ஒன்றை அழுத்தினான்; சத்தம்தான் கூடியது.

நான்கு நொடிதான் பாக்கி, என்றது ரேடியோ. பெல்க்ரீக் நான்கு புள்ளி பின்தங்கியிருக்கிறது. எல்லைக்கோட்டுக்கு அப்பால் பந்தைப் பிடித்தால் ஆறு புள்ளி. இந்த எறிதலோடு முடிவு தெரிந்துவிடும்.

டெரெலின் விரல் அப்படியே நின்றது.

சாபோ பின்னால் போகிறான். இடிக்க வருகிறார்கள். குனிந்து தப்பித்துவிட்டான். எறிந்துவிட்டான், உயரமாக எறிந்துவிட்டான். எல்லைக்கோட்டுக்கு அந்தப் பக்கம் எண்பத்தொன்றாம் எண் ஆட்டக்காரன் தனியாக நிற்கிறான், பக்கத்தில் ஒருவனும் இல்லை.

"இப்ப அணை," என்றாள் வெர்னா.

"இருங்கம்மா. பிடிச்சானான்னு கேட்டுட்டு..."

"அணைடா!"

அவன் காதோடு வைத்துக்கொண்டான். வெர்னா கரண்டியை வீசிவிட்டுப் பாய்ந்தாள். அந்த வயதில் அவளிடம் அந்த வேகத்தை யாரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். அவன் கையில் இருந்தபடியே பொத்தானைக் குத்தினாள். அறிவிப்பாளரின் வாய் பாதிச் சொல்லில் மூடிக்கொண்டது.

அடுப்பில் கரி வெடித்தது. பிறகு மொத்தக் கூட்டமும் எழுந்து நின்று கை தட்டியது. தொப்பிகள் பறந்தன. பல்லில்லாத ஒருவர் விசில் அடித்துப் பார்த்தார், வெறும் காற்றுதான் வந்தது.

டெரெலுக்கு ஒன்றும் புரியவில்லை.

"என்னம்மா இது. பிடிச்சானா, இல்லையா?"

விளக்குக் கம்பத்தடியிலிருந்து ராய்ஸ் நடந்து வந்தார். அடுப்பு அனலுக்குக் கோட்டை அவிழ்த்துவிட்டு, காகிதத் தட்டில் ஒரு சாஸேஜை வைத்து டெரெலிடம் நீட்டினார்.

"பந்து இன்னும் மேலேதான் இருக்குப்பா. ஆறிப்போறதுக்குள்ள சாப்பிடு."

அவருடைய பச்சைச் சட்டையில் எண்பத்தொன்று என்று வெளிறிப்போய் எழுதியிருந்தது.

வேய்ன்ஃபோர்டில் அந்த நான்கு நொடியைச் சொல்லி இன்றைக்கும் சிரிக்கிறார்கள். ஊர்க்காரர்களும் மளிகைக் கடையில் ராய்ஸைக் கண்டால் அவர் கையைப் பார்க்கிறார்கள். கேசட்டில் மிச்சம் இருப்பது வெர்னாவுக்குத் தெரியும். அன்று அவள் எல்லைக்கோட்டுக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தாள். ஆனால் அதை இந்தத் தார்மேல் ஒருநாளும் ஓட விட்டதில்லை. இனியும் விடப்போவதில்லை.

டெரெல் அந்த எண்ணைப் பார்த்தான். ரெக்கார்டரை மேஜையில் பூப்போல இறக்கி வைத்தான்.

வாசலில் முதல் கார் வந்து நின்று ஹாரன் அடித்தது. டெரெல் தட்டோடு ஓடிப்போய்க் குறுக்கே கையை நீட்டினான்.

"அந்தப் பக்கம் போய் நிறுத்துங்க சார். இங்க ஆட்டம் இன்னும் முடியல."