அறுபதாவது கேரியர்

அங்கே இருந்தவர்கள் ஆறு பேர்: நான், என் மனைவி, மகன், மருமகள், சமையல்காரர், வண்டி ஓட்டுபவர். ஆறு பேரும் முகக்கவசம் போட்டிருந்தோம். ஏழாவதாக ஒருவரும் இல்லை.

எங்கள் சாப்பாட்டுக் கடையின் பின்கட்டில், மாலை ஐந்து மணிக்கு, வண்டியிலிருந்து கேரியர்கள் இறங்கிக்கொண்டிருந்தன.

நோய்க்காலம். ஊரே அடைத்துக் கிடந்தது. பிளாஸ்டிக் டப்பா ஏற்றி வந்த லாரி வழியிலேயே நின்றுவிட்டது. கடையை மூட வேண்டியதுதான் என்று மகன் சொன்னபோது, மருமகள் பரண்மேல் ஏறி என் அப்பா காலத்து எவர்சில்வர் கேரியர்களை இறக்கினாள். பரணில் இருந்தவை அறுபது. ஒவ்வொரு மூடியிலும் அப்பாவின் பெயர் வெட்டியிருக்கும்.

"இதுல அனுப்புவோம் மாமா. சாப்பிட்டுட்டுத் திருப்பிக் குடுக்கட்டும். டப்பாவும் வேண்டாம், குப்பையும் இல்ல."

அப்பாவின் பெயர் கண்டவர் வீட்டு அடுப்படியில் கிடப்பதா? ஒன்று தொலைந்தாலும் மறுநாளே கடைக்குப் பூட்டு என்றேன். எங்கள் குடும்பத்தில் சொன்ன சொல்லை யாரும் மாற்றியதில்லை.

திரும்பி வந்தவற்றைச் சமையல்காரர் உரக்க எண்ணினார். நாற்பதில் மகன் நகம் கடிக்கப் போய் முகக்கவசத்தைக் கடித்தான். ஐம்பதில் மருமகள் கண்ணை மூடிக்கொண்டாள்.

ஐம்பத்தொன்பதில் வண்டி காலியாகிவிட்டது.

சமையல்காரர் அடுப்பைத் திரும்பிப் பார்த்தார். மூன்று பிள்ளைக்காரர்.

"எண்ணவும் தெரியலையா? எல்லாத்தையும் தொட்டியில போட்டுக் கழுவி, முதல்லேருந்து எண்ணுங்க" என்று அதட்டிவிட்டு, மூக்குக்கண்ணாடி எடுக்க வீட்டுக்குள் போனேன்.

திரும்பி வந்தபோது நான்கு பேரும் வண்டியின் இருக்கைக்கு அடியில் தலையை விட்டுத் தேடிக்கொண்டிருந்தார்கள். முதுகுகள் மட்டும் தெரிந்தன. மனைவி தொட்டியருகே இருந்தாள். என்னைப் பார்த்தாள். நுரையைப் பார்த்தாள். மறுபடி தேய்க்கத் தொடங்கினாள்.

இரண்டாம் முறை. ஐம்பத்தெட்டு. ஐம்பத்தொன்பது. சமையல்காரரின் கை நுரைக்குள் துழாவியது.

"அறுபது! ஐயா, அறுபது!"

வண்டியின் ஹாரன் அலறியது. சமையல்காரர் கரண்டியால் மூடியில் தாளம் போட்டார். மகன் எல்லார் முன்னாலும் மருமகளைத் தூக்கிச் சுற்றினான். எங்கள் குடும்பத்தில் அதுவரை நடக்காத காரியம். கண்டிக்க வாயைத் திறந்தேன், சிரிப்பு வந்துவிட்டது. முகக்கவசம் என் மானத்தைக் காத்தது.

கால் விஷயம் வேறு. அதற்குக் கவசம் இல்லை.

"என்னங்க இது, இந்த வயசுல?" என்றாள் மனைவி. அவளும்தான் குதித்துக்கொண்டிருந்தாள்.

இன்று எண்ணூறு கேரியர்கள் ஊரைச் சுற்றி வருகின்றன. மற்ற கடைகளும் சேர்ந்துவிட்டன. பின்னால் குப்பைமேடு இருந்த இடத்தில் கழுவுமிடம் வந்து, பன்னிரண்டு பேர் வேலை செய்கிறார்கள்.

முதல் நாள் ஒரு கேரியர்கூடத் தொலையவில்லை, அந்தப் பெயருக்கு அப்படி ஒரு மரியாதை என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள்.

தவறு. ஒன்று வரவே இல்லை. அறுபதாவதாக எண்ணியது, அப்பா தாமே தினமும் சாப்பிட்ட கேரியர். எங்கள் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் இருந்தது.