மாப்பிள்ளைக்கு அளவெடுத்த பூட்ஸ்

"வலிக்குதா மாப்பிள்ளை?"

"உயிர் போகுது மாமா."

"அப்போ இதுதான் உங்க அளவு" என்று திருப்தியாகத் தலையாட்டினார் காஸ்பர். "கடையில சுகமா இருக்கிற பூட்ஸ் மலையில காலை வாரிவிட்டுடும். முட்டியை மடக்குங்க. விரல் பின்னால நகருதா?"

நகர்ந்தது. எமெரிக்குக்கு நெஞ்சும் கொஞ்சம் இடம் மாறியது போலிருந்தது.

அந்த டிரோல் பனிமலைப் பள்ளத்தாக்கு முழுவதற்கும் பனியில் சறுக்கும் ஸ்கீ பலகையும் பூட்ஸும் பார்த்துக் கொடுப்பவர் காஸ்பர்தான். அவருடைய ஒரே மகள் ரெகினாவுக்கும் எமெரிக்குக்கும் நாளை நிச்சயம். ஊர் வழக்கப்படி, ஞாயிறு பூசை முடிந்ததும் மாமனாரும் மாப்பிள்ளையும் மலையுச்சியிலிருந்து ஜோடியாகச் சறுக்கி வரவேண்டும். கீழே ஊரே நிற்கும். வந்து சேர்ந்த பிறகுதான் பேரிக்காய்ச் சாராயம், மோதிரம் எல்லாம்.

எமெரிக் பிறந்து வளர்ந்ததோ மருந்துக்கும் மேடில்லாத திராட்சைத் தோட்டத்தில். ரெகினாவைப் பார்த்த முதல் நாளே, "ஆறு வயசுலேர்ந்து சறுக்கறேன்" என்று அளந்து விட்டிருந்தான். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டவன் இப்போது பூட்ஸுக்குள் வியர்த்துக்கொண்டிருந்தான்.

காஸ்பர் ஏணியில் இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறி, மேல் தட்டிலிருந்து ஒரு ஜோடிப் பலகையைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினார்.

"உங்க முட்டிவலி எப்படி மாமா?" என்று நப்பாசையோடு கேட்டான் எமெரிக். மாமனார் வராவிட்டால் மாப்பிள்ளையும் தப்பித்துவிடலாமே.

"அதை ஏன் கேக்கறீங்க. வருஷா வருஷம் பனி விழுந்தா போதும், பிடிச்சுக்கும். ஆனா, 'ஒரே பொண்ணு, முட்டி கழண்டு விழுந்தாலும் நாளைக்கு இறங்கியே ஆகணும்'னுட்டா உங்க அத்தை."

அத்தை ஒட்டிலியா பக்கத்துச் சமையலறையில் ஏதோ வறுத்துக்கொண்டிருந்தாள். ஒரு காலத்தில் அந்த வட்டாரத்துச் சறுக்குப் போட்டிகளில் அவளை மிஞ்ச ஆளில்லை. வீட்டில் இன்றும் இல்லை.

காஸ்பர் பலகையை அவன் பக்கத்தில் நிறுத்தினார். நெற்றி வரை வந்தது. "கத்துக்குட்டிக்குத்தான் மோவாய் வரைக்கும். நீங்க ஆறு வயசுலேர்ந்து சறுக்கறவராச்சே."

பிறகு சீட்டையும் திருப்புளியையும் கையில் எடுத்தார்.

"எடை?"

"எழுபத்தெட்டு."

"திறமை ஒண்ணா, ரெண்டா, மூணா? இதுல மட்டும் பொய் கூடாது மாப்பிள்ளை. இதை வெச்சுத்தான் பூட்ஸைக் கவ்வற பிடியை முறுக்குவேன். கெட்டிக்காரனுக்கு இறுக்கமா வைக்கலாம். தெரியாதவனுக்கு அப்படி வெச்சா, விழும்போது பலகை கழலாது. கால்தான் கழலும்."

எமெரிக் மனதுக்குள் கணக்குப் போட்டான். மூன்று என்றால் கால் போகும், ஒன்று என்றால் ரெகினா போய்விடுவாள். மூன்று என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான்.

"ஒண்ணுகூட இல்ல மாமா. எனக்குச் சறுக்கவே தெரியாது. ரெகினான்னா எனக்கு உயிர். அவ கிடைக்காம போயிடுவாளோன்னுதான் புளுகிட்டேன்."

காஸ்பர் திருப்புளியைக் கீழே வைத்தார். எழுந்து போய்ச் சமையலறைக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். தொலைந்தோம் என்று நினைத்தான் எமெரிக். அந்த பூட்ஸோடு ஓடக்கூட முடியாது.

திரும்பி வந்தவர் நெற்றிவரை வந்த பலகையை ஓரமாகச் சாய்த்துவிட்டு, மோவாய் உயரத்தில் வேறொரு ஜோடியை எடுத்தார். அதன் பிடியைத் திருப்புளியால் தளர்த்திக்கொண்டே போனார்.

"இனி நீங்க தும்மினாலே கழண்டுக்கும். கால் பிழைச்சுது."

"மாமா, அப்போ ரெகினா?"

காஸ்பர் சுவரில் மாட்டியிருந்த தன் சொந்தப் பலகைகளை இறக்கி, அவற்றின் பிடியையும் அதே அளவுக்குத் தளர்த்த ஆரம்பித்தார்.

"உங்களுக்கு எதுக்கு மாமா?"

காஸ்பர் சாத்திய கதவை ஒரு முறை பார்த்துவிட்டு அவன் காதருகே குனிந்தார்.

"என் நிச்சயத்தன்னிக்கே முட்டிவலின்னு சொல்லித் தப்பிச்சவன் நான். எனக்கும் நாளைக்குத்தான் முதல் தடவை."