விலாவில் வந்த துளை

மரம் கடையும் லேத்தில் சுழன்றுகொண்டிருந்த தேக்குக் கட்டை விளக்குத் தண்டாகப் போகிறது. ஒயர் நுழைய நடுவில் நீளமான துளை வேண்டும். அதைப் போட வந்தது ஒரு நீளமான ட்ரில் பிட்.

பாதித் துளையில் கட்டை கத்தியது. “வெளியே போய்த் தூளைக் கொட்டிட்டு வாய்யா. உள்ளே புகையுது.”

“பின்வாங்குற வழக்கம் எனக்குக் கிடையாது,” என்றது பிட்.

“தூள் அடைச்சா நீ கோணிப்போவே. நான்தான் அடுப்புக்குப் போகணும்.”

“எனக்கே வழி சொல்றியா? வாயை மூடு.”

பிட் வெறியோடு அழுத்தியது. அடைத்துக்கொண்ட தூள் அதை ஒரு பக்கமாகத் தள்ள, கட்டையின் விலாவைப் பிளந்துகொண்டு அதன் மூக்கு வெளியே வந்தது.

கட்டை விறகுக் குவியலில் விழுந்தது.

அடுத்த கட்டை ஏறியபோதும் பிட்டுக்குச் சூடு ஆறவில்லை.

“முன்னால வந்தவன் ஒரே கோணல்,” என்று உறுமியது. “நீயாவது ஒழுங்கா நில்லு.”