அடுத்த வாரத்துக்கான வாக்கியம்

ஒவ்வொரு மாணவருக்கும் அடுத்த வாரம் தேவைப்படப்போகும் ஆங்கில வாக்கியத்தை வகுப்பின் இணையதளம் ஆசிரியருக்கு முன்கூட்டியே அனுப்பிவிடும். இதுவரை அது தவறியதில்லை. டொரன்டோ மாலை வகுப்பில் ஆசிரியை யாழிசை பட்டியலை மூன்று முறை சரிபார்த்தாள். புவனலோஜினிக்கு வந்திருந்த வாக்கியம்: "என் கணவரின் உடலை எப்போது தருவீர்கள்?"

"எனக்கு என்ன வந்திருக்கு டீச்சர்? அடுத்த வெள்ளிக்கிழமை இவரை ஆஸ்பத்திரியில இருந்து விடுகினமாம். டொக்டருக்கு நன்றி சொல்லப் பழக்கிவிடுங்கோ."

சொல்லிவிடுவதா, மறைப்பதா என்று யாழிசைக்குத் தெரியவில்லை.

"இண்டைக்கு உங்களுக்கு வகுப்பில்லை, அக்கா. இப்பவே போய் அவரோட இருந்து கதையுங்கோ."

"தமிழிலயோ? நல்ல வீட்டுப்பாடம்!" சிரித்தபடி புவனலோஜினி கோட்டை மாட்டிக்கொண்டு போனாள்.

யாழிசை அவளுக்கு வருகை குறித்தாள். அடுத்தவருக்கு, பேருந்து அட்டை தொலைந்ததைச் சொல்லும் வாக்கியம். வழக்கம்போல் பத்து முறை சொல்லவைத்தாள்.